ரெண்டு ஸ்பிரிங்க ஒப்பிடச் சொன்னா வர்ற சந்தேகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ப்ளஸ் ஒன் பசங்களுக்கு சாயங்காலம் பிசிக்ஸ் எடுக்குறேன். அலைவுகள் பாடம் ஆரம்பிச்சா போதும், வருஷா வருஷம் அதே சந்தேகங்கள் தான் வரும், பேட்ச் மாறுது கேள்வி மாறல. ஒரே ஒரு ஸ்பிரிங்னா எல்லாரும் டக்குனு போட்டுடுறாங்க, ரெண்ட பக்கத்துல பக்கத்துல வச்சு எது வேகமா ஆடும், எதுல எனர்ஜி ஜாஸ்தின்னு கேட்டா தான் தடுமாறுறாங்க. ஃபார்முலா தெரியாம இல்ல. ரெண்டுலயும் எதை சமமா வச்சிருக்காங்கன்னு பார்க்காம கணக்குல இறங்கிடுறாங்க, அங்க தான் வழுக்குது. கேட்டவங்க வார்த்தையிலயே கேள்விய போட்டிருக்கேன். வரிசையா படிச்சா நல்லது, பின்னாடி வர்ற பதில் எல்லாம் முன்னாடி பதிலோட கையப் பிடிச்சுகிட்டு தான் வருது.

1. ஸ்பிரிங் மாறிலி கே-ன்னா அந்த ஸ்பிரிங்கோட பலம்னு எடுத்துக்கலாமா மிஸ்?

வேணாம். பலம்னா எவ்ளோ எடை தாங்கும், எப்போ அறுந்து போகும்னு மனசு வேற பக்கம் போயிடும். கே சொல்றது விறைப்பு. ஒரு மீட்டர் நீட்டணும்னா எத்தனை நியூட்டன் வேணும், அவ்ளோ தான். நம்ம லேப் ஸ்பிரிங்ல 50 கிராம் மாட்டினா 2.5 சென்டிமீட்டர் இறங்குது. 50 கிராமோட எடை 0.49 நியூட்டன், அத 0.025 மீட்டரால வகுத்தா 19.6. அதாவது கே = மீட்டருக்கு 19.6 நியூட்டன். இந்த ஸ்பிரிங்க ஞாபகம் வச்சுக்கோங்க, கீழ நிறைய இடத்துல இத வச்சு தான் பேசப்போறேன்.

இன்னொரு 50 கிராம் போட்டா இன்னொரு 2.5 இறங்கும், அதுக்கு மேல போட்டாலும் அதே கணக்கு. இத ராபர்ட் ஹூக் 1676ல எழுத்துகள எல்லாம் கலைச்சுப் போட்டு ஒரு புதிரா வெளியிட்டு, 1678ல தான் விடைய உடைச்சு சொன்னாரு: நீட்சி எப்படியோ விசையும் அப்படி. ஒரு எல்லைக்கு மேல இழுத்துட்டா இந்த விதி செல்லாது, ஸ்பிரிங் பழைய நீளத்துக்கு திரும்பாது. அது 14வது கேள்வில வருது.

2. விறைப்பான ஸ்பிரிங் சீக்கிரம் ஆடுமா லேட்டா ஆடுமா, எனக்கு மாத்தி மாத்தி வருது

சீக்கிரம் ஆடும். அலைவு நேரம், அதாவது ஒரு தடவ போய் திரும்பி வர ஆகுற நேரம் = 2π√(நிறை/கே), கே கீழ இருக்கு, அது கூடுனா நேரம் குறையும். ஆனா ஃபார்முலாவ மட்டும் நம்பினா பரீட்சை ஹால்ல மறுபடியும் மாறிடும், அதனால இப்படி யோசிங்க. ரெண்டு ஸ்பிரிங்கையும் ஒரே அளவு இழுத்து விடுறோம், ரெண்டுலயும் ஒரே எடை. விறைப்பான ஸ்பிரிங் வெடுக்குனு இழுக்கும், எடை சீக்கிரம் வேகம் எடுக்கும், சீக்கிரம் திரும்பி வரும். தளர்ந்த ஸ்பிரிங் மெதுவா இழுக்கும், லேட்டாகும். நிறை அதுக்கு எதிர்ப்பக்கம், கனமான ஆள கிளப்பவும் நேரமாகும் நிறுத்தவும் நேரமாகும்.

ரூட்ட விட்டுடாதீங்க. கே 4 மடங்கு ஆனா நேரம் பாதி தான் ஆகும், கால்வாசி ஆகாது. நம்ம ஸ்பிரிங்ல 200 கிராம் மாட்டினா √(0.2/19.6) = 0.101, அத 6.28ஆல பெருக்குனா 0.635 செகண்ட். 20 அலைவுக்கு 12.7 செகண்ட்.

3. நிறைய இழுத்து விட்டா போற தூரம் ஜாஸ்தி, அப்போ டைமும் ஜாஸ்தி ஆகணும்ல?

இந்த கேள்விய கேக்குற பொண்ணுங்களையும் பசங்களையும் எனக்கு ரொம்ப பிடிக்கும், ஏன்னா உண்மையிலயே யோசிச்சா தான் இந்த சந்தேகம் வரும். தூரம் ஜாஸ்தி, சரி. ஆனா ரெண்டு மடங்கு இழுத்தா ஸ்பிரிங் திருப்பி இழுக்குற விசையும் ரெண்டு மடங்கு. அதனால முடுக்கம் ரெண்டு மடங்கு, நடுவுல வர்றப்போ வேகமும் ரெண்டு மடங்கு. ரெண்டு மடங்கு தூரத்த ரெண்டு மடங்கு வேகத்துல கடந்தா அதே நேரம் தான ஆகும்?

விசை நீட்சிக்கு நேர்விகிதமா இருக்குறதால மட்டும் தான் இது நடக்குது. அந்த நேர்விகிதம் கெட்டுப்போன இடத்துல இதுவும் கெட்டுப்போயிடும்.

4. செங்குத்தா தொங்கவிட்டா புவியீர்ப்பு இழுக்குதே, அப்புறம் ஏன் ஃபார்முலால ஜி வரல?

ஜி-ன்னா புவியீர்ப்பு முடுக்கம். புவியீர்ப்பு ஒரு வேலைய செஞ்சுட்டு ஒதுங்கிடுது. எடைய மாட்டின உடனே ஸ்பிரிங் கொஞ்சம் இறங்கி ஒரு இடத்துல நிக்கும், அங்க ஸ்பிரிங் மேல இழுக்குறதும் பூமி கீழ இழுக்குறதும் சமம். அதுக்கப்புறம் அந்த இடத்துல இருந்து எவ்ளோ தள்ளி போறோமோ அதுக்கு தக்க கூடுதல் விசைய ஸ்பிரிங் மட்டும் தான் குடுக்குது, பூமியோட இழுப்பு எங்க போனாலும் மாறவே இல்ல. மாறாத விசை நடுப்புள்ளிய நகர்த்தும், ஆடுற நேரத்த தொடாது.

லிஃப்ட்ல மேல வேகம் எடுக்குறப்போ ஆட்டினா என்ன, சாய்தளத்துல வச்சா என்ன, நிலாவுல ஆட்டினா என்னன்னு எப்படி சுத்தி கேட்டாலும் இதே பதில் தான். நிலாவுல ஜி 1.62, நம்ம 200 கிராம் அங்க 10 சென்டிமீட்டர் இறங்காது, 1.65 சென்டிமீட்டர் கிட்ட தான் இறங்கும். அலைவு நேரம் மட்டும் அதே 0.635 செகண்ட். தனி ஊசல எடுத்துட்டுப் போனா அது அங்க மெதுவா ஆடும், அதோட குழப்பிக்காதீங்க.

5. எடையே இல்லாத இடத்துல ஸ்பிரிங் ஆடுமா? ஸ்பேஸ் ஸ்டேஷன்ல?

ஆடும், நல்லாவே ஆடும். எடை இல்லன்னா நிறை இல்லன்னு அர்த்தம் இல்ல. 1973ல அமெரிக்கா அனுப்புன ஸ்கைலேப்ல விண்வெளி வீரர்களோட நிறைய அளந்ததே இப்படித்தான். ஸ்பிரிங்கோட இணைச்ச ஒரு நாற்காலி, அதுல உடம்ப குறுக்கி உக்காந்து இறுக்கமா பெல்ட் போட்டுக்கணும், நாற்காலிய விடுவிச்சா முன்னும் பின்னும் ஆடும், அந்த அலைவு நேரத்துல இருந்து நிறைய கணக்குப் போடுவாங்க. தராசு அங்க வேலைக்கு ஆகாது, ஸ்பிரிங் ஆகும்.

பெல்ட்ட ஏன் இறுக்கணும்னு ஒரு பையன் கேட்டான். உடம்பு நாற்காலியோட சேராம தனியா ஆடினா, ஸ்பிரிங் ஆட்டுற நிறை எதுன்னே குழம்பிடும், நேரம் தப்பா வரும்.

6. ஆனா 2π√(நீட்சி/ஜி)ன்னு ஒரு ஃபார்முலா கைடுல இருக்கு, அதுல ஜி இருக்கே மிஸ்?

இருக்கு, ஆனா அந்த நீட்சிக்குள்ளயும் ஒரு ஜி ஒளிஞ்சிருக்கு. எடைய மாட்டினதும் இறங்குற நீட்சி = நிறை × ஜி / கே. அத ஜி-ஆல வகுத்தா மிச்சம் நிறை/கே தான், பழைய ஃபார்முலாவே திரும்பி வந்துடுச்சு. நிலாவுல ஜி குறையுறப்போ நீட்சியும் அதே விகிதத்துல குறையும்னு மேல பார்த்தோம்.

இந்த வடிவம் எனக்கு பிடிக்கும், ஏன்னா கே-யும் தெரிய வேணாம் நிறையும் தெரிய வேணாம், ஒரு ஸ்கேல் இருந்தா போதும். 200 கிராமுக்கு 10 சென்டிமீட்டர் இறங்குச்சா, √(0.1/9.8) = 0.101. 2வது பதில்ல வந்த அதே நம்பர். ரெண்டு ஸ்பிரிங்க ஒப்பிடணும்னா எது அதிகம் இறங்கியிருக்கோ அது மெதுவா ஆடும், பார்த்தே சொல்லிடலாம். இந்த ஃபார்முலா ஏமாத்துற ஒரு இடம் இருக்கு, 14ல பாருங்க.

7. தொடரிணைப்பு, பக்க இணைப்பு எல்லாம் ரெசிஸ்டர் மாதிரியே தான?

அப்படியே தலைகீழ். பக்க இணைப்புல கே-க்கள கூட்டணும், தொடரிணைப்புல தலைகீழிகள கூட்டணும். கெப்பாசிட்டர் மாதிரின்னு வேணா ஞாபகம் வச்சுக்கலாம், ஆனா காரணம் தெரிஞ்சா ஞாபகமே வேணாம். ஒன்னுக்கு கீழ ஒன்னா ரெண்டு ஸ்பிரிங்க மாட்டி எடைய தொங்கவிட்டா ரெண்டுலயும் ஒரே விசை, முழு எடையும் ரெண்டு ஸ்பிரிங் வழியாவும் போகுது, ரெண்டும் தனித்தனியா நீளுது, நீட்சி கூடுது, அதனால மொத்தமா தளர்ந்து போகுது. பக்கத்துல பக்கத்துல மாட்டினா ரெண்டும் ஒரே அளவு நீளணும், விசைய ரெண்டும் பங்கு போட்டுக்குது, அதனால விறைப்பு கூடுது. விசை சமமா, நீட்சி சமமான்னு மட்டும் கேளுங்க, இணைப்போட பேர் தானா வந்துடும்.

நம்ம ஸ்பிரிங் ரெண்டு எடுத்து 200 கிராம் மாட்டினா, தொடர்ல கே 9.8 ஆகும், 20 அலைவுக்கு கணக்குப்படி 18 செகண்ட் கிட்ட. பக்க இணைப்புல கே 39.2, 20 அலைவுக்கு 9 செகண்ட் கிட்ட. சரியா ரெண்டு மடங்கு வித்தியாசம். விடைய சரிபார்க்க ஒரு வழி சொல்றேன்: தொடர்ல வர்ற கே, இருக்குறதுலயே சின்ன கே-ய விட சின்னதா இருக்கணும், பக்க இணைப்புல இருக்குறதுலயே பெருசவிட பெருசா இருக்கணும். அப்படி வரலன்னா எங்கயோ தலைகீழா போட்டிருக்கீங்க.

8. நடுவுல பிளாக், ரெண்டு பக்கமும் ஸ்பிரிங், ரெண்டும் சுவத்துல மாட்டியிருக்கு. ஒரே கோட்டுல தான இருக்கு, அப்போ தொடரிணைப்பு தான?

படத்த பார்த்தா அப்படித்தான் தெரியும், அதனால தான் இத திரும்பத் திரும்ப கேள்வித்தாள்ல போடுறாங்க. மேல சொன்ன கேள்விய கேளுங்க. பிளாக்க வலது பக்கம் 1 சென்டிமீட்டர் தள்ளினா இடது ஸ்பிரிங் 1 சென்டிமீட்டர் நீளுது, வலது ஸ்பிரிங் 1 சென்டிமீட்டர் அமுங்குது. அளவு ரெண்டுக்கும் சமம். இடது பின்னாடி இழுக்குது, வலது பின்னாடி தள்ளுது, ரெண்டு விசையும் ஒரே திசை. அப்போ இது பக்க இணைப்பு, கே-க்கள கூட்டுங்க.

ஆரம்பத்துலயே ரெண்டு ஸ்பிரிங்கையும் இழுத்து மாட்டியிருந்தா மாறுமான்னு கேப்பாங்க. மாறாது. 4வது பதில்ல பூமியோட இழுப்பு மாதிரி தான், ஆரம்ப இழுப்பு நடுப்புள்ளி எங்கன்னு முடிவு பண்ணும், நேரத்த தொடாது.

9. ஸ்பிரிங்க பாதியா வெட்டினா கே-யும் பாதி தான?

ரெண்டு மடங்கு. முழு ஸ்பிரிங்க ரெண்டு பாதி ஸ்பிரிங் தொடர்ல மாட்டினதா நினைச்சுக்கோங்க. முழுசு 10 சென்டிமீட்டர் நீளுதுன்னா ஒவ்வொரு பாதியும் 5 தான் நீளுது, ஆனா விசை அதே விசை. அதே விசைக்கு பாதி நீட்சின்னா விறைப்பு ரெண்டு மடங்கு. அதாவது கே நீளத்துக்கு எதிர்விகிதம். மூணு துண்டா சமமா வெட்டினா ஒவ்வொன்னும் 3கே. 1:2 விகிதத்துல வெட்டினா சின்ன துண்டு 3கே, பெரிய துண்டு 1.5கே. ரெண்டையும் திரும்ப தொடர்ல மாட்டிப் பாருங்க, பழைய கே வரணும்.

அடுத்து வர்ற கேள்வி, பாதியா வெட்டி ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல மாட்டினா? ஒவ்வொன்னும் 2கே, கூட்டுனா 4கே, நேரம் பாதி. பால்பாயின்ட் பேனா ஸ்பிரிங்க வெட்டி கையால அமுக்கிப் பாருங்க, சின்ன துண்டு விரல எதிர்த்து நிக்கிறது நல்லாவே தெரியும்.

10. ரெண்டு ஸ்பிரிங்ல எதுல எனர்ஜி ஜாஸ்தி சேரும்? ஒரு புக்ல விறைப்பானதுன்னு இருக்கு, இன்னொன்னுல தளர்ந்ததுன்னு இருக்கு

ரெண்டு புக்கும் சரி. கேள்வி தான் வேற வேற. எதை சமமா வச்சாங்கன்னு கேள்விலயே ஒரு வார்த்தை இருக்கும், பசங்க அந்த வார்த்தைய தாண்டி ஓடிடுறாங்க. நம்ம 19.6 ஸ்பிரிங்கயும் அதுக்கு ரெண்டு மடங்கு விறைப்பான 39.2 ஸ்பிரிங்கயும் எடுத்துக்குவோம். ரெண்டையும் ஒரே அளவு, 10 சென்டிமீட்டர், இழுத்தா எனர்ஜி ½ × கே × நீட்சி². முதல்ல 0.098 ஜூல், ரெண்டாவதுல 0.196 ஜூல். விறைப்பானது ஜெயிச்சுது.

இப்போ ரெண்டையும் ஒரே விசையால, 1.96 நியூட்டனால இழுங்க. முதல் ஸ்பிரிங் 10 சென்டிமீட்டர் நீளும், 0.098 ஜூல். ரெண்டாவது 5 சென்டிமீட்டர் தான் நீளும், 0.049 ஜூல். இப்போ தளர்ந்தது ஜெயிச்சுது. விசை சமம்னா ஃபார்முலாவ விசை² / 2கே-ன்னு மாத்தி எழுதிக்கோங்க, கே கீழ போயிடும், குழப்பமே வராது. கே மேல இருக்குற ஃபார்முலா, கே கீழ இருக்குற ஃபார்முலா ரெண்டையும் கையில வச்சுக்கிட்டு, எது சமம்னு பார்த்து எடுக்கணும். இந்த ஒரு கேள்விய நிதானமா புரிஞ்சுக்கிட்டா பாதி பாடம் முடிஞ்சுதுன்னு நான் வகுப்புல சொல்றது இதனால தான்.

11. நீட்ல ஒரு மாதிரி கணக்கு வருது, அதிகபட்ச வேகம் ரெண்டுக்கும் சமம், வீச்சு விகிதம் என்னன்னு. எங்க ஆரம்பிக்கிறது?

வீச்சுன்னா நடுப்புள்ளில இருந்து ஒரு பக்கம் போற அதிகபட்ச தூரம். சமம்னு சொன்னத முதல்ல எழுதுங்க. அதிகபட்ச வேகம் = வீச்சு × √(கே/நிறை). ரெண்டு பக்கமும் இத எழுதி சமன்பாடு போட்டா, நிறையும் சமம்னு சொல்லியிருந்தா அது அடிபட்டுடும், மிச்சம் வீச்சு1/வீச்சு2 = √(கே2/கே1). விறைப்பானதுக்கு வீச்சு கம்மி. கே 1:4னா வீச்சு 2:1. நிறை வேற வேறன்னா அது ரூட்டுக்குள்ள நிக்கும், அடிச்சுடாதீங்க.

இதுலயே இன்னொரு வகை, மொத்த எனர்ஜி சமம்னு குடுப்பாங்க. அப்போ ½ × கே × வீச்சு² சமம், விகிதம் அதே √(கே2/கே1) தான், ஆனா இங்க நிறை எவ்ளோன்னு பார்க்கவே வேணாம். நிறைய குடுத்து குழப்புவாங்க, அதை தொடாம போயிடுங்க. அதிகபட்ச முடுக்கம் சமம்னு கேட்டா வீச்சு × கே / நிறை, அதுல ரூட் கிடையாது.

12. பார்க்க ஒரே சைஸ்ல இருக்கு, ஒன்னு மெல்லிசு கம்பி இன்னொன்னு தடி கம்பி. கே எவ்ளோ மாறும்?

நீங்க நினைக்கிறத விட ரொம்ப மாறும். கே = விறைப்புக்குணகம் × கம்பி விட்டம்⁴ / (8 × சுருள் விட்டம்³ × சுருள்களோட எண்ணிக்கை). விறைப்புக்குணகம்னா கம்பி செஞ்ச உலோகம் முறுக்க எவ்ளோ எதிர்க்குதுங்கற அளவு, ஸ்பிரிங்கோட விறைப்பு கே வேற. கம்பி தடிமன் ரெண்டு மடங்கு ஆனா கே 16 மடங்கு. சுருள் விட்டம் ரெண்டு மடங்கு ஆனா கே எட்டுல ஒரு பங்கு. சுருள் எண்ணிக்கை கீழ இருக்கு பாருங்க, 9ல வெட்டினா கே கூடும்னு சொன்னது இங்கயும் சரியா உக்காருது.

ஏன் நாலாம் அடுக்குன்னா, ஸ்பிரிங் நீளுறப்போ கம்பி உண்மையில நீளல, முறுக்குது. அதனால தான் நீட்டுறத எதிர்க்குற யங் குணகம் வராம விறைப்புக்குணகம் வருது. எஃகுக்கு அது ஏறக்குறைய 80 ஜிகா பாஸ்கல், தாமிரத்துக்கு 45 கிட்ட, அதனால ஒரே அளவுல செஞ்ச தாமிர ஸ்பிரிங் எஃகு ஸ்பிரிங்க விட தளர்ந்து தான் இருக்கும்.

13. லேப்ல 20 அலைவுக்கு 12.7 வரல மிஸ், 13 வருது. ஸ்டாப்வாட்ச் தப்பா?

ஸ்டாப்வாட்ச் சரியா தான் இருக்கு. ஸ்பிரிங்குக்கும் நிறை இருக்கு, அதுவும் சேர்ந்து தான் ஆடுது. ஆனா முழுசா ஆடல, மேல் சுருள் கொக்கியோட சும்மா நிக்கிது, கீழ் சுருள் எடையோட முழு வேகத்துல போகுது, நடுவுல இருக்கறது நடுத்தரமா. இயக்க ஆற்றல்ல வேகத்தோட வர்க்கம் வர்றதால, கூட்டிப் பார்த்தா ஸ்பிரிங் நிறைல மூணுல ஒரு பங்கு சேருது. நம்ம ஸ்பிரிங் 30 கிராம், அதுல 10 கிராம் சேர்த்து 210 கிராம்னு போடுங்க, 0.650 செகண்ட், 20 அலைவுக்கு 13.0. உங்க ஸ்டாப்வாட்ச் சொன்னது அதே தான்.

இத கவனிக்காம 200 கிராமும் 0.650ம் வச்சு கே கண்டுபிடிச்சா 18.7 வரும், 19.6 வராது. அதனால தான் செய்முறைல ரெண்டு வேற வேற நிறைக்கு நேரம் எடுத்து, கே = 4π²(நிறை2 − நிறை1)/(நேரம்2² − நேரம்1²)ன்னு கழிச்சு போடச் சொல்றாங்க. கழிக்கிறப்போ ஸ்பிரிங்கோட பங்கும் கொக்கியோட நிறையும் அடிபட்டு போயிடும். கழிக்கிறது ஏன்னு தெரியாம ஃபார்முலாவ எழுதுறவங்க, ரெக்கார்டு நோட்ல ஒரே ஒரு நிறைய வச்சு முடிச்சுட்டு வந்து நிப்பாங்க.

14. பாப்பா வளர வளர தொட்டில் மெதுவா ஆடுதே, தொட்டில் ஸ்பிரிங் தளர்ந்து போச்சா?

இது மாணவி கேட்டதில்ல, எங்க தெருவுல ஒரு அக்கா கேட்டது. விட்டத்துல கொக்கி, அதுல ஸ்பிரிங், ஸ்பிரிங்ல சேலைத் தூளி, லேசா இழுத்து விட்டா குழந்தை மேல கீழ ஆடிகிட்டே தூங்கிடும். தளர்ந்தே தீரணும்னு இல்ல. கே மாறவே இல்லன்னாலும் நிறை கூடுனா நேரம் கூடும். சேலையோட சேர்த்து 4 கிலோ இருந்தது 9 கிலோ ஆச்சுன்னா √(9/4), ஒன்றரை மடங்கு மெதுவா ஆடும்.

தளர்ந்துச்சான்னு பார்க்கணும்னா குழந்தைய எடுத்துட்டு சும்மா தொங்கவிட்டுப் பாருங்க. நெருக்கமா சுத்தின ஸ்பிரிங்ல சுருள் எல்லாம் ஒன்னோட ஒன்னு ஒட்டியிருக்கும். சும்மா இருக்கறப்பவே நடுவுல இடைவெளி தெரிஞ்சா அது எல்லைய தாண்டி இழுபட்டிருக்கு, மாத்திடுங்க. துரு புடிச்சிருந்தாலும் மாத்திடுங்க. ஸ்பிரிங்குக்குள்ள ஒரு உறுதியான கயிறு விட்டு, மேல் கொக்கிலயும் கீழ தூளிலயும் தளர்வா கட்டி வைங்க, ஸ்பிரிங் அறுந்தாலும் தூளி தரையில விழாது.

இந்த ஸ்பிரிங்ல தான் 6வது பதில்ல சொன்ன ஃபார்முலா ஏமாத்தும். சுருள் ஒட்டி சுத்துனதுல ஒரு ஆரம்ப இழுப்பு உள்ளயே இருக்கு, கொஞ்சம் எடை வர்ற வரைக்கும் ஸ்பிரிங் திறக்கவே திறக்காது. 2 கிலோ வரைக்கும் திறக்கலன்னு வச்சுக்கோங்க, கே 196. 4 கிலோவுக்கு மிச்சம் 2 கிலோ எடை தான் நீட்டுது, 10 சென்டிமீட்டர். நீட்சிய வச்சு போட்டா 0.635 செகண்ட், ஆனா உண்மைல 2π√(4/196) = 0.898 செகண்ட். ஆட்டத்த தீர்மானிக்கிறது கே-யும் மொத்த நிறையும், ஆரம்ப இழுப்பு வழக்கம் போல நடுப்புள்ளிய மட்டும் நகர்த்துது. சுருள் மறுபடி ஒட்டாத அளவுக்கு மெதுவா ஆட்டுற வரைக்கும் இந்த கணக்கு செல்லும்.

15. ஆடிகிட்டு இருக்குற பிளாக் மேல களிமண்ண போட்டா வீச்சு என்ன ஆகும்? எப்போ போட்டாலும் ஒன்னு தானா?

ஒன்னு இல்ல, எங்க இருக்கறப்போ போட்டோம்னு பாருங்க. கிடைமட்டமா ஆடுற பிளாக், அதோட நிறைல 3 மடங்கு களிமண்ண நேரா மேல இருந்து போடுறோம், மொத்தம் 4 மடங்கு. புது அலைவு நேரம் எப்படியும் ரெண்டு மடங்கு, 2வது பதில் தான். கோடில, அதாவது பிளாக் ஒரு நொடி நிக்கிற இடத்துல, போட்டா வேகமே இல்ல, இழக்க எதுவும் இல்ல, நீட்சி அப்படியே இருக்கு. வீச்சு மாறாது.

நடுப்புள்ளில போட்டா பிளாக் முழு வேகத்துல போகுது, களிமண்ணும் சேர்ந்து ஓடணும், உந்தம் (நிறை × வேகம்) மாறாது, வேகம் கால்வாசி ஆயிடும். இயக்க ஆற்றல் ½ × 4 × (1/4)², அதாவது பழையதுல கால் பங்கு. எனர்ஜி கால் ஆனா வீச்சு பாதி. மிச்ச முக்கால் பங்கு களிமண் ஒட்டுறப்போ வெப்பமா போயிடுச்சு. உந்தம் மாறாது ஆனா இயக்க ஆற்றல் மாறும்கறத மோதல் பாடத்தோட விட்டுட்டு வர்றவங்க இங்க தான் மாட்டுறாங்க.

16. ஸ்பிரிங்கோட ரெண்டு முனைலயும் பிளாக், சுவரே இல்ல. எந்த நிறைய போடுறது?

ரெண்டும் ஒரே நிறைன்னு ஆரம்பிங்க. இழுத்து விட்டா ரெண்டும் ஒரே மாதிரி உள்ள வரும் வெளிய போகும், ஸ்பிரிங்கோட நடு சுருள் அசையவே அசையாது. அசையாத இடம்னா அங்க ஒரு சுவர் இருக்கறதா நினைச்சுக்கலாம். அப்போ ஒவ்வொரு பிளாக்கும் பாதி ஸ்பிரிங்ல ஆடுது, பாதி ஸ்பிரிங்கோட கே 9வது பதில்படி 2கே. நேரம் 2π√(நிறை/2கே). ஒரு முனைய சுவத்துல மாட்டினத விட வேகமா ஆடும்.

நிறை வேற வேறன்னா அசையாத இடம் நிறை மையம். ஒன்னு எம், இன்னொன்னு 3எம்னு வச்சுக்கோங்க, மையம் கனமானது பக்கம் ஒதுங்கும், எம்-க்கு முக்கால் ஸ்பிரிங், 3எம்-க்கு கால் ஸ்பிரிங். முக்கால் ஸ்பிரிங்கோட விறைப்பு 4கே/3, அதுல எம் ஆடுனா 2π√(3எம்/4கே). கால் ஸ்பிரிங்கோட விறைப்பு 4கே, அதுல 3எம் ஆடுனா 2π√(3எம்/4கே). ரெண்டு பிளாக்குக்கும் ஒரே நேரம் வந்துடுச்சு. புக்ல நிறை1 × நிறை2 / (நிறை1 + நிறை2)ன்னு போட்டிருக்குற குறைக்கப்பட்ட நிறைல எம்-மையும் 3எம்-மையும் போட்டுப் பாருங்க, அதே 3எம்/4 தான் வரும்.